நிற்கத் தெரிந்த வண்டி

தம்பி, உன் கல்யாணத்துக்குத் தாய்மாமாவைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று போன மாதம் நீ போனில் கேட்டாய். நான் பதில் சொல்லாமல் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அப்பா இன்னும் அந்த வண்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறாரா என்று நீ அவளிடம் கேட்டது என் காதில் விழுந்தது. நீ கேட்டதில் தப்பில்லை. ஆனால் அதற்குப் பிறகு சில காரியங்கள் நடந்துவிட்டன. அரியலூரிலிருந்து யாராவது உன்னைக் கூப்பிட்டு, உன் அப்பா மாமாவின் ஷெட்டில் போய்க் கலாட்டா செய்தார், லாரிகளை ஓடவிடாமல் அடித்துவிட்டார் என்று சொல்லக்கூடும். இதற்குள் சொல்லியும் இருப்பார்கள். லாரிகள் நின்றது உண்மை. கலாட்டா நான் செய்யவில்லை. நேரில் சொன்னால் எனக்குக் குரல் ஏறிவிடும், அம்மா உள்ளே வந்துவிடுவாள், பேச்சு பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன். கோயம்புத்தூரில் உனக்கு ஞாயிற்றுக்கிழமை லீவுதானே, உட்கார்ந்து முழுவதும் படி.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாம் அரியலூரில், மாமாவின் ஷெட்டை ஒட்டிய வீட்டில் குடியிருந்தோம். அவருடைய டிப்பர் லாரிகள் சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் அடித்துக்கொண்டிருந்தன. அந்த லாரிகளுக்கு மெக்கானிக் நான்தான். தங்கை புருஷன் என்பதால் சம்பளக்காரனைப் போல அவர் என்னை நடத்தவில்லை, பங்குதாரனைப் போலவும் நடத்தவில்லை. இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தில் வைத்திருந்தார். உனக்கு இப்போதே ஒன்று சொல்லிவைக்கிறேன். பெண்டாட்டியின் அண்ணன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் அவனிடம் வேலைக்குப் போகாதே. சண்டை வந்தால் முதலாளியிடம் போடுவதா, மச்சானிடம் போடுவதா என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டிருப்பாய்.

ஒரு நாள் காலையில் ஒரு டிப்பரின் பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். பிரேக் லைனிங் தேய்ந்து, ரிவெட் தலை டிரம்மைக் கீறிக்கொண்டிருந்தது. சக்கரத்தைத் திரும்ப மாட்டிவிட்டு நேராக மாமாவிடம் போனேன்.

"மச்சான், இந்த வண்டி இன்னைக்கி வெளிய போவக் கூடாது. பிரேக்கு சுத்தமா இல்ல."

"ஒரு லோடுதான் மாப்ள. சாயங்காலம் பிரிச்சிப் போட்டுக்கலாம்."

முடியாது என்றேன். சக்கரத்துக்கு அடியில் கல் வைத்தேன். சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிட வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா தட்டில் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு டிப்பர் கிளம்புகிற சத்தம் கேட்டது. எந்த டிப்பர் என்று சத்தத்தை வைத்தே எனக்குத் தெரியும். எச்சில் கையோடு ஓடினேன். கல் ஓரமாகக் கிடந்தது. மாமாவின் மேசையில் இன்னொரு சாவி இருந்திருக்கிறது. ஓட்டிக்கொண்டு போனவன் மீன்சுருட்டி ஊர்க்கார டிரைவர் செல்வம். கல்லை ஏற்றிக்கொண்டு ஆலைக்கு வரும் வழியில், இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. எதிரே பள்ளிக்கூட வேன் வந்திருக்கிறது. செல்வம் வண்டியைப் புளியமரத்தில் விட்டான். வேனில் இருந்த பிள்ளைகளுக்கு ஒரு கீறல் இல்லை. செல்வத்துக்கு இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது.

மெக்கானிக் பார்த்து ஓட்டலாம் என்று சொன்ன பிறகுதான் வண்டியை அனுப்பினேன் என்று போலீஸ் ஸ்டேஷனில் மாமா சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அப்படி இல்லை, நான் வண்டியை நிறுத்திவைத்தேன் என்று நான் சொன்னேன். செல்வத்தைக் கேட்டார்கள். தனக்கு எதுவும் நினைவில்லை என்று அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு மாமா அவனுக்கு ஷெட் வாசலில் வாட்ச்மேன் வேலை போட்டுக் கொடுத்தார். வழக்கு யார் மேலும் நிற்கவில்லை. ஊர் மட்டும் என் மேல் ஒரு பழியைப் போட்டு நிறுத்திக்கொண்டது. டீக்கடையில் நான் நுழைந்தால் 'பிரேக் பெயிலு வருது, தள்ளி நில்லுங்கடா' என்பார்கள். ஒரு மொபெட்டைக்கூட யாரும் என்னிடம் ரிப்பேருக்கு விடவில்லை. நீ ஒரு நாள் சட்டை கிழிந்து பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாய். உன்னை யாரோ 'பிரேக்கு மவன்' என்று கூப்பிட்டிருக்கிறான், நீ அவனை அடித்திருக்கிறாய். அழுது முடித்துவிட்டு நீ என்னைப் பார்த்து, "அப்பா, நீங்க சரியா பாக்கலையாப்பா?" என்று கேட்டாய்.

உனக்கு அது ஞாபகம் இருக்காது. நான் மறக்கவில்லை. மாமா பொய் சொன்னதைவிட நீ கேட்டதுதான் எனக்கு உள்ளே போய்த் தைத்தது. என் பிள்ளையின் வாயில் அந்தக் கேள்வியை வைத்தவனைச் சும்மா விடக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அப்புறம் எறையூருக்கு வந்தோம். சர்க்கரை ஆலையில் ஃபிட்டர் வேலை கிடைத்தது. அரவைக் காலத்தில் மூச்சுவிட நேரம் இருக்காது, ஆலை மூடியிருக்கும் மாதங்களில் கை சும்மா இருக்கும். அந்த மாதங்களில் ஒன்றில்தான் பெரம்பலூர் காயலான் கடையில் அந்த ஜீப்பைப் பார்த்தேன். ஜீப் என்று சொல்வது அதன் ஆர்.சி. புத்தகத்துக்காகத்தான். உண்மையில் அங்கே கிடந்தது துருப்பிடித்த சேஸ் என்கிற அடிச்சட்டமும், உள்ளே எலி குடியிருந்த ஓர் எஞ்சினும். மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து கொல்லையில் இறக்கியபோது தெருவே வந்து பார்த்தது. உன் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கீற்றுக் கொட்டகை போட ஆள் பிடித்துக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

வண்டி கட்டுகிறவன் எஞ்சினில் தொடங்குவான். நான் பிரேக்கில் தொடங்கினேன். மற்ற எதையும் தொடாமல் நான்கு சக்கரத்துக்கும் டிரம், லைனிங், சிலிண்டர், குழாய் எல்லாவற்றையும் புதிதாகச் செய்தேன், மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன். பிறகு எஞ்சின் இல்லாத அந்தச் சேஸை ஏரிக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். கரும்பு வெட்ட வந்திருந்த ஆட்கள் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு கரைச் சரிவில் இறங்கினேன். பாதிச் சரிவில் மிதித்தேன். சேஸ் நின்றது. மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மறுபடி இறங்கினேன். நின்றது. ஓடவே தெரியாத வண்டிக்கு நிற்கத் தெரிந்துவிட்டது என்று ஒரு கிழவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தச் சரிவில் இறங்கும்போது என் பக்கத்தில் உன் மாமா உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டுதான் இறங்கினேன்.

கோபத்தை விட்டுவிடு என்று உனக்கு நான் சொல்லமாட்டேன். பெரியவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். கோபம் வந்தால் அதற்கு ஒரு வேலை கொடு என்பதுதான் நான் கண்டது. வேலை இல்லாத கோபம் வீட்டுக்குள் வந்து பெண்டாட்டி பிள்ளையைக் கடிக்கும். என் கோபத்துக்கு அந்தக் கொட்டகையில் தினமும் வேலை இருந்தது. விடிந்ததும் எழுந்து ஆலைக்குப் போகும்வரை ஏதாவது ஒன்றைச் செய்வேன். ஒரு நாள் ஒரு போல்ட்டுக்கு மரை போடுவதோடு முடிந்துவிடும். இன்னொரு நாள் ஒரு தகட்டின் ஓரத்தை மடித்து எடுப்பேன். பெரிதாக ஒன்றும் நடக்காது, ஆனால் நேற்று இருந்த வண்டி இன்றைக்கு இருக்காது.

உன் அம்மாயி, அம்மாவைப் பெற்றவள், இறந்தபோது நடந்ததை நீ முழுதாக அறியமாட்டாய். தகவல் வந்ததும் மூவரும் பஸ் ஏறினோம். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் மாமாவிடமிருந்து அம்மாவுக்குப் போன் வந்தது. நீயும் பிள்ளையும் வாங்க, மாப்ள வர வேண்டாம், டிரைவருங்க சும்மா இருக்க மாட்டானுங்க என்று சொல்லியிருக்கிறார். அம்மா என்னைப் பார்த்தாள். போயிட்டு வா என்றேன். என்னை மகனாக நினைத்துச் சோறு போட்ட கிழவியை எடுத்து முடிக்கும்வரை நான் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்த வாரமே முன்பக்க மட்கார்டுகளைத் தட்ட ஆரம்பித்தேன். அந்த இரண்டு மட்கார்டிலும் ஒரு நெளிவு பார்க்க முடியாது. அவ்வளவு அடித்திருக்கிறேன்.

அடுத்த வருஷம் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். திருட்டு வண்டிகளைப் பிரித்து விற்பதாக என் மேல் யாரோ மொட்டைப் பெட்டிஷன் போட்டிருந்தார்கள். புத்தகத்தையும் சேஸ் நம்பரையும் ஒத்துப்பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். பெட்டிஷனில் என் பெயருக்குப் பக்கத்தில் 'பிரேக் பெயிலு' என்றும் எழுதியிருந்தது. எறையூரில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. எஞ்சினை முழுவதுமாகப் பிரித்துக் கட்டியது அந்தப் பெட்டிஷனுக்குப் பிறகுதான். முதல் தடவை புகை கக்கி அது எழுந்தபோது நான் உரக்க உன் மாமா பெயரைச் சொன்னேன். உன் அம்மா கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நீ ப்ளஸ் டூ படித்த வருஷம் பாடி முழுவதும் வெல்டிங் முடிந்து கதவு மாட்டினேன். வலப்பக்கக் கதவு மூடவில்லை. கதவில் தப்பில்லை, சேஸே ஒரு பக்கம் கோணியிருந்தது. பழைய அடி, துருவுக்குள் மறைந்திருந்திருக்கிறது. கதவை மட்டும் கொஞ்சம் அறுத்துச் சரிக்கட்டியிருக்கலாம், வெளியே யாருக்கும் தெரியாது. பாடியை முழுவதும் வெட்டி இறக்கினேன். நீ கொட்டகை வாசலில் நின்று, "யாருக்கு இதெல்லாம் நிரூபிக்கிறீங்க?" என்று கேட்டாய். உனக்குத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. போய்ப் படி என்று விரட்டினேன். சேஸை நிமிர்த்தி மறுபடி எழுப்ப எத்தனை ஆலை மூடல்கள் போயின என்று உன் அம்மாதான் சொல்வாள். நீ காலேஜ் முடித்தாய், வேலைக்குப் போனாய், பெண் பார்த்தோம். வண்டியும் உன் கூடவே வளர்ந்தது.

நீ போன் செய்ததற்கு அடுத்த வாரம் பெரம்பலூர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோனேன். வண்டியைச் சோதிக்கிற அதிகாரியை நம் பக்கம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதானே சொல்வோம். அவர் தானே ஏறி உட்கார்ந்து, மைதானத்தில் வேகமாக ஓட்டி, மிதித்தார். வண்டி கோடு கிழித்ததுபோல் நேராக நின்றது. திரும்பி வந்து மறுபடி செய்தார். பிரேக் வேலை எந்த மெக்கானிக் பார்த்தது என்று கேட்டார். நான்தான் சார் என்றேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சந்தோஷம் வரும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். வரவில்லை. அடுத்து எங்கே போக வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

உன் அம்மாவைப் பட்டுப்புடவை கட்டிக்கொள்ளச் சொன்னேன். தாம்பாளத்தில் பழம், வெற்றிலை பாக்கு, உன் கல்யாணப் பத்திரிகை. அவள் முன்னால் உட்கார்ந்து தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டாள். பெரம்பலூர் தாண்டியதும் கேட்டாள்.

"பத்திரிக வைக்கத்தான போறம்?"

"பத்திரிக வைக்கத்தான்."

"வேற ஒண்ணும் இல்லல்ல?"

நான் கியரை மாற்றினேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் திரும்பிப் போகலாம் என்றும் சொல்லவில்லை. அதை நீ கவனிக்க வேண்டும்.

மாமா வீட்டுக்குப் போகவில்லை, ஷெட்டுக்குப் போனேன். டிரைவர்கள் எல்லோரும் டிரிப்புக்கு முன்னால் கூடியிருக்கிற காலை நேரமாகப் பார்த்துத்தான் போனேன். வாசலில் செல்வம் கட்டையை ஊன்றிக்கொண்டு எழுந்து சங்கிலியை அவிழ்த்துவிட்டான். என்னை அடையாளம் கண்டதும் சங்கிலி அவன் கையிலேயே நின்றுவிட்டது. மாமா வெள்ளை வேட்டியில் வெளியே வந்தார். தலை நரைத்திருக்கிறது, தொப்பை போட்டிருக்கிறது. தங்கையையும் தாம்பாளத்தையும் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. பிறகு வண்டியைப் பார்த்தார். யார் கட்டியது என்று கேட்டார். நான் கட்டியது, பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து முடித்தது என்று எல்லோருக்கும் கேட்கிறமாதிரிச் சொன்னேன். டிரைவர்கள் வண்டியைச் சுற்றி நின்றார்கள். இரண்டு பேர் குனிந்து அடியில் பார்த்தார்கள்.

"மச்சான், உங்க மருமவன் கல்யாணம். தாய்மாமன் இல்லாம முடியாது. வாங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்கணும்," என்றேன். அவரைக் கேட்கவில்லை. திரும்பி வாசலைப் பார்த்துக் கேட்டேன். "செல்வம், அன்னைக்கி சாவி என் பையில இருந்திச்சி. ஒனக்கு யாரு குடுத்தா?"

பழசை ஏன் கிளறுகிறீர்கள், நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் என்று மாமா ஏதோ சொல்ல ஆரம்பித்தார். செல்வம் டிரைவர்கள் நின்ற பக்கம் பார்த்தான். அங்கே ஒரு வாலிபன் நின்றான். செல்வத்தின் மகன் என்றும், இப்போது அவனும் மாமாவிடம் டிப்பர் ஓட்டுகிறான் என்றும் அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

"மொதலாளிதான் குடுத்தாரு," என்றான் செல்வம். "மேசையில இருந்து எடுத்துக் குடுத்தாரு. நேத்து எம் மவன் பிரேக்கு தரையோட அமுங்குதுன்னான். அவனுக்கும் அப்பிடித்தான் எடுத்துக் குடுத்தாரு. ஒரு லோடுதான்னாரு."

உன் அம்மா தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னை நம்பினாளா என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அண்ணனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அம்மா சாவுக்கு இவரு பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தாருண்ணே," என்றாள்.

வயதான டிரைவர் ஒருவர், தான் ஓட்டுகிற வண்டிக்கு லைனிங் எப்போது மாற்றினீர்கள் என்று மாமாவைக் கேட்டார். இன்னொருவன் கேட்டான். பிறகு எல்லோரும் கேட்டார்கள். அன்றைக்கு ஒரு டிப்பரும் ஷெட்டை விட்டு வெளியே போகவில்லை. நான் யாரையும் தடுக்கவில்லை தம்பி. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாளும் லாரிகள் நின்றுகொண்டே இருந்தன. நான் பார்த்துச் சொன்னால்தான் எடுப்போம் என்று டிரைவர்கள் சொல்லிவிட்டார்களாம். மாமா உன் அம்மாவைப் போனில் கூப்பிட்டு, மாப்பிள்ளையை ஒரு எட்டு வரச் சொல்லு தாயி என்று கெஞ்சினார். ஆலையில் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லச் சொன்னேன். ஆலை மூடியிருப்பது அவருக்கும் தெரியும். மறுபடி கூப்பிட்டார், மறுபடி அதையே சொல்லச் சொன்னேன். அவர் நேரில் வந்து நம் வீட்டு வாசலில் நின்ற பிறகுதான் போனேன். ஒவ்வொரு டிப்பருக்கும் அடியில் நான் படுத்தபோது டார்ச் பிடிக்க அவரையே கூப்பிட்டேன். வெள்ளை வேட்டியோடு மண்ணில் படுத்து அவர் டார்ச் பிடித்தார். ஒவ்வொரு டிரம்மையும் காட்டி, பாருங்க மச்சான், நல்லா பாருங்க என்றேன். ஓடக்கூடாத வண்டிகளின் நெற்றியில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டேன். பாதிக்கு மேல் அந்தக் குறிதான். அவருடைய டிரைவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மன்னிப்பது இனிக்கும் என்று சொல்கிறார்கள். எனக்கு அது தெரியாது. இது இனித்தது. உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும்?

ஆகவே, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். மாமா உன் கல்யாணத்துக்கு வருவார். கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் உனக்கு மாலை எடுத்துப் போடுவார். நீ அவர் காலில் விழு. உன் அம்மாவுக்காக விழு. அவள் பிறந்த வீட்டுச் சீர் இல்லாமல் உன் கல்யாணம் நடக்கக்கூடாது. வருகிற பெண்ணிடமும் இந்தக் கதையை ஒரு தடவை சொல்லிவிடு. வேறு யாராவது சொல்லி அவள் கேட்கக்கூடாது. அதற்குப் பிறகு அவள் பிறந்த வீட்டு மனிதர்களைப் பற்றி அவள் என்ன சொன்னாலும் கேள். நானும் உன் அம்மாவும் இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இதைப் பேசாமல் இருந்தோம். நீங்கள் அப்படி இருக்காதீர்கள்.

நேற்று மாமா மறுபடி போன் செய்தார். இந்தத் தடவை என்னிடமே பேசினார். மாப்பிள்ளை அழைப்புக்கு ஊரிலிருந்து கோயிலுக்கு அந்த ஜீப்பில்தானே வருகிறீர்கள், தாய்மாமன் நானும் உங்களோடு ஏறிக்கொள்கிறேனே என்றார். இடம் இல்லை மச்சான் என்றேன். அடுப்படியிலிருந்து உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். முன்னால் நானும் அவளும், பின்னால் நீ மட்டும் உட்கார்ந்து வருவாய். உன் பக்கத்திலும் எதிரேயும் சீட்டுகள் காலியாகத்தான் வரும். நண்பர்கள் யாரையும் ஏற்றிவிடாதே. அந்தச் சீட்டுகள் காலியாக வருவதை அவர் பார்க்க வேண்டும்.